80 நாளை எழுதுவது யார்?

சட்டங்களும் அரசுத் திட்டங்களும் கருவுற்ற பெண்களின் உடல்நலத்தில் என்ன செய்கின்றன என்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக நான் சந்தித்தவர்களில் ஒருவர் நகராட்சி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஏழு மாதக் கர்ப்பிணி. விடியலில் குப்பை வண்டி தள்ளுகிறார். செவிலியர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். "லீவு கேட்டீங்களா?" என்றேன். "கேட்டா வேற ஆளப் போட்டுடுவாங்கக்கா" என்றார்.

தமிழ்நாட்டில் நிரந்தர அரசுப் பணியில் உள்ள பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 2021இல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்ந்தது. ஆய்வு மாணவியான எனக்கே யு.ஜி.சி. விதியில் 240 நாள் வரை விடுப்பு உண்டு. குப்பை அள்ளுபவருக்கு?

சட்டத்தில் அவருக்கும் இடமுண்டு. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக்கியது. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடர்பான வழக்கில், இது நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டுமான உரிமை அல்ல என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிபந்தனை ஒன்றுதான்: பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அவர் ஆறு ஆண்டாக வேலை செய்கிறார். ஆனால் பதிவேடு ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது. ஒப்பந்ததாரர் மாறினால் பதிவேடும் போய்விடும். அவர் கையில் பணி ஆணையும் இல்லை, ஊதியச் சீட்டும் இல்லை.

தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்கு அருந்ததியர் குடியிருப்பில்தான் ஆள் தேடுகிறார்கள். வேலை வாங்கும்போது சாதியைச் சரியாகக் கண்டுபிடிக்கும் நிர்வாகம், உரிமை கேட்டால் 'இவர் எங்கள் பணியாளர் அல்ல' என்கிறது. ஒப்பந்தமுறை சாதிக்குக் கிடைத்த புதிய பதிவேடு.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்த அண்ணல் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்று வாதிட்டார். அந்த ஓய்வு இன்னும் சேரிக்கு வந்து சேரவில்லை.

வருகைப் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பே வைத்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் நாள் கணக்கு தொடர வேண்டும். பேறுகால ஊதியத்துக்கு உள்ளாட்சியே பொறுப்பேற்க வேண்டும். ஒப்பந்தமுறையே ஒழிய வேண்டும் என்பது இவற்றுக்கெல்லாம் மேலான கோரிக்கை.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து அமர்ந்ததைச் சம்பளத் தகராறு என்று சுருக்கிப் பேசியவர்கள் உண்டு. நிரந்தரப் பணி கேட்கும் பெண், பிறக்கப்போகும் பிள்ளைக்காகவும்தான் கேட்கிறார்.