ஞாயிறு ஒரு வேளை அடுப்புக்கு லீவு!

"ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவு, அக்கா. எனக்கு மட்டும் டபுள் டூட்டி!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், கொடியில் துணி உலர்த்திக்கொண்டே.

எங்கள் கும்மிடிப்பூண்டியில் வீட்டுக்கு வீடு இதே பாட்டுதான். அவள் கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பார். குழந்தைகளுக்கு எட்டு மணிக்கு ஒரு டிபன், அவருக்குப் பத்தரைக்கு ஒரு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு. அடுப்பு அணைந்தால்தானே!

"மாசத்தில ஒரு ஞாயிறாவது பத்தரைக்கு எல்லாருமா வெளியே போய் வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்களேன். மத்தியானத்துக்கு மோர்சாதம் போதும்" என்றேன்.

இந்த இரண்டுங்கெட்டான் வேளைச் சாப்பாட்டுக்குத்தான் வெள்ளைக்காரர்கள் 'பிரஞ்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர், ஞாயிறன்று தாமதமாக எழுந்திருப்பவர்களுக்காக இதைச் சிபாரிசு செய்து கட்டுரையே எழுதினார். பெயர் எதுவானால் என்ன? நமக்கு வேண்டியது பக்கத்திலேயே ஒரு நல்ல ஓட்டல். மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தால் பாதி நாள் போய்விடும்!

நானும் ஒருமுறை ஏமாந்தவள்தான். ஒரு ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரு ஓட்டலில் பேரனுக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஊட்டினேன். சட்னி லேசாகப் புளித்த மாதிரி இருந்தது. 'பசிக்கு என்ன' என்று விட்டுவிட்டேன். அன்று ராத்திரியே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. நல்லவேளை, வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தது. அதன் மேல் எழுதியிருந்தபடி, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். (குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.)

அன்று கற்ற பாடம் இதுதான்: எட்டு மணிக்கு நல்ல ஓட்டலாக இருப்பது பத்தரைக்கும் நல்ல ஓட்டலாக இருக்க வேண்டும் என்பதில்லை! 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குள் உள்ள சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். விடிகாலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி நம் ஊர்ப் புழுக்கத்தில் எத்தனை நேரம் தாங்கும்? ஆகவே, "சட்னி எப்போ அரைச்சது?" என்று கூசாமல் கேளுங்கள். "இப்பத்தாம்மா" என்று பதில் வந்தாலும் முகர்ந்து பார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஆவி பறக்கும் இட்லியும் கொதிக்கும் சாம்பாரும் போதும். கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் தோசையும் நல்லதே. காலையில் பொரித்து ஆறிப்போன வடை வேண்டாம்.

வேறு என்ன பார்க்கலாம்?

கல்லாவுக்குப் பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்கிறதா? சின்னக் கடையானாலும் பதிவுச் சான்று வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும்.

பூரி பொரிக்கும் எண்ணெயை எட்டிப் பாருங்கள். கறுத்து, நுரைத்து, புகைந்தால் பூரி ஆசையை விட்டுவிடுங்கள்.

மேஜை துடைக்கிற துணியாலேயே தட்டையும் துடைக்கிறார்களா? அப்படியே எழுந்து வந்துவிடலாம், தப்பே இல்லை.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா, கைக்குழந்தையோடு உட்கார ஓரமாக இடம் உண்டா என்பதை முன்கூட்டியே பார்த்துவரச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சனிக்கிழமை டீ குடிக்கிற சாக்கில் பார்த்து வரட்டுமே!

திருவள்ளூர்ச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அமாவாசையும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் அன்று ஓட்டல் பக்கம் போகாதீர்கள். வீரராகவர் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் இடம் பிடிப்பதற்குள் குழந்தை அழுது தூங்கியே போய்விடும்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெண் போய்விட்டு வந்தாள். "எப்படிம்மா இருந்தது?" என்றேன்.

"தோசை சுமார்தான் அக்கா. ஆனா கல்யாணமாகி ஏழு வருஷத்தில, எல்லாரும் சாப்பிடறப்ப நானும் உட்கார்ந்து சூடாச் சாப்பிட்டது இன்னிக்குத்தான்."

அவள் கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த மாதத்துக்கு இப்போதே தேதி குறித்தாகிவிட்டதாம்!