அவளாகவே இருக்கட்டும்

அகதா கிறிஸ்டியின் ‘க்ரூக்கட் ஹவுஸ்’ (1949) நாவலில் பாய்ரோவும் கிடையாது, மிஸ் மார்பிளும் கிடையாது. லண்டனை ஒட்டி ஒரு கோணல்மாணலான பெரிய வீடு. அதில் மூன்று தலைமுறைகளைக் கட்டி மேய்க்கிறார் 80 வயதைத் தாண்டிய பணக்காரர் லியோனிடஸ். அவருடைய இன்சுலின் குப்பியில் யாரோ அவருடைய கண் சொட்டு மருந்தையே நிரப்பிவைக்க, ஆள் காலி. ஊசி போட்டவர் இளம் இரண்டாம் மனைவி பிரெண்டா.

துப்பறியும் சாகசத்தை எதிர்பார்க்கும் வாசகருக்கு ஏமாற்றம்தான். கதை சொல்லும் சார்லஸ் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிறார். ஆனால் குடும்பத்தைப் படம்பிடித்திருப்பதில் கிறிஸ்டி அசத்துகிறார். கொலைகாரர் யார் என்பதைவிட, அது பிரெண்டாவாக இருக்க வேண்டுமே என்கிற கவலைதான் வீட்டில் பலருக்கு. வந்தவள்தானே, போகட்டும்! பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வாத்தியாரோடு அவளை முடிச்சுப் போட, கடிதங்களும் வசதியாகச் சிக்குகின்றன. பீரோ சாவி தொலைந்ததும் எல்லார் பார்வையும் புது மருமகள் மேல் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் சுருக்கென்று தைக்கும்.

தனக்கு மிகவும் பிடித்த தன் நாவல்களில் இது ஒன்று என்று முன்னுரையில் எழுதினார் கிறிஸ்டி. முடிவைச் சொல்வது பாவம். உண்மையைத் தெரிந்துகொள்ளும் வீட்டுப் பெரியவர் ஒருவர் போலீசைக் கூப்பிடுவதில்லை, காரை எடுக்கிறார்.