பூங்குழலிக்கு ஓர் இடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் திண்ணையில் அமர்ந்து பரீட்சைத் தாள்களுடன் மல்லாடிக் கொண்டிருந்த சமயம், முன்னாளில் நம்மிடம் தமிழ் படித்த பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். இங்கே பெருமாநல்லூரிலேயே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். முகம் வாடியிருந்தது.

“ஸார், பூங்குழலியைப் பத்தி முப்பது அத்தியாயம் எழுதினேனுங்க. அத்தனையும் போயிருச்சுங்க” என்றாள்.

விஷயம் இதுதான். ‘பொன்னியின் செல்வ’னின் முடிவில் சோழ ராணியாகிவிடும் ஓடக்காரப் பெண், அரண்மனையில் இருந்துகொண்டு கோடிக்கரைக் கடலுக்காக ஏங்குகிறாள் என்று இவள் ஒரு கதை கட்டியிருக்கிறாள். இரவு ஷிப்டு முடிந்து வந்து, கைப்பேசியிலேயே எழுதி, ஏதோ ஒரு சிறு செயலியில் ஏற்றி வந்தாள். ஒரு நாள் அந்தச் செயலியே மூடப்பட்டுவிட்டது. வேறு பிரதி கிடையாது.

“பிறர் பாத்திரத்தை எடுத்து எழுதுவது குற்றமாங்க?” என்பது அவளுடைய முதல் சந்தேகம். புதுமைப்பித்தன் அகலிகையை எடுத்து ‘சாப விமோசனம்’ எழுதவில்லையா? விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியே எழுதினாரே! சட்டப்படியும் பயமில்லை. கல்கி 1954-ல் காலமானார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்னும் கணக்கு 2014-உடன் தீர்ந்தது. அதற்கு முன்பே அரசாங்கம் அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் 2022-லும் 2023-லும் வந்த சினிமாப் படங்களிலிருந்து நடிகையின் முகத்தை எடுத்து அட்டையில் ஒட்டாதே, அது வேறு சொத்து என்று எச்சரித்தோம். இன்று உயிரோடிருக்கும் ஆசிரியரின் பாத்திரமென்றால் நம் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

இனி எங்கே பிரசுரிப்பது? பெங்களூரில் 2014-ல் தோன்றிய பிரதிலிபியில் தமிழ் வாசகர்கள் ஏராளம். பிரபலமானால் சிறிது வரும்படிக்கும் வழியுண்டு. கனடாவில் 2006-ல் பிறந்த வாட்பேடிலும் தமிழ்க் கதைகள் உண்டு. விளம்பரங்களின் தொல்லையும் உண்டு. மூன்றாவதாக, ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்னும் களஞ்சியம். 2007-ல் லைவ்ஜர்னல் என்ற தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கிற்று. அந்த ஆண்டு ரசிக எழுத்தாளர்களே கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 2009-ல் இக்களஞ்சியத்தைப் பொதுவில் திறந்தார்கள். நன்கொடையில் நடக்கிறது, விளம்பரமில்லை, காசு கேட்கவும் அனுமதியில்லை. 2019-ல் ஹியூகோ பரிசு பெற்றது. அழைப்புக் கேட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். நாம் அறிந்தவரை அங்கே தமிழ் படிப்பவர் சொற்பம்.

பணபலம் இருந்தால் நிலைக்கும் என்றும் நம்புவதற்கில்லை. ரசிகர் கதைகளை விற்க அமேசான் கம்பெனி 2013-ல் கிண்டில் வேர்ல்ட்ஸ் என்று ஒன்றைத் தொடங்கியது; 2018-ல் மூடியது!

“படிக்கிறவங்க வேணுங்க ஸார். ஆனா மறுபடி போயிருமோன்னு பயமா இருக்குது.”

“அப்படியானால் இரண்டிலும் போடு, அம்மணி. வாசகருக்குப் பிரதிலிபி, பாதுகாப்புக்குக் களஞ்சியம். ஏற்றுமுன் விதிகளைப் படித்துக்கொள். தனி உரிமை கேட்கும் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாதே. ஒவ்வொரு அத்தியாயத்தையும் உனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வை” என்றோம். உபாத்தியாயர் புத்தி, நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வை என்று சேர்த்துக்கொண்டோம். அவள் சிரித்துவிட்டாள்.

கம்பெனியில் தெரிந்தால் கேலி செய்வார்களாம். ஆகவே புனைபெயர் வேண்டுமென்றாள். நாம் ‘கோடிக்கரையாள்’ என்றோம். “பழசா இருக்குதுங்க ஸார்” என்று தள்ளிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாயிற்றென்று கிளம்பினாள். நேற்று முதல் அத்தியாயம் வந்திருக்கிறது. பெயர் ‘கொண்டத்துக்காரி’. எங்களூர்க் கொண்டத்துக் காளியம்மன் பெயரிலிருந்து எடுத்ததாம்.