ஜாதகம் பீரோவுல இருக்கு, டிஸ்சார்ஜ் சம்மரி எங்க?

ரொம்ப நாளா இந்தப் பக்கமே வரல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்டுல விசேஷம். ஆமாங்க, ரெண்டாவது. இப்ப 22-வது வாரம். வாழ்த்து சொல்றவங்க சொல்லிட்டு அப்படியே உட்காருங்க. நான் செம கடுப்புல இருக்கேன்.

காரணம், பேர். இன்னும் பொறக்காத குழந்தைக்கு ஒரு மாசமா எங்க வீட்டுல பேர் தேடுறாங்க. தேடட்டும், சந்தோஷம்தான். ஆனா இவங்க தேடுறது பேர் இல்ல, கூட்டுத்தொகை. மதுரைல இருக்குற நாத்தனார் ஒரு எண்கணித ஜோசியரைப் புடிச்சிட்டாங்க. ஃபீஸ் 2,500 ரூபா. போன்ல என்கிட்ட, "ஏதாவது மனசுல வச்சிருக்கியாம்மா?"ன்னு கேட்டாரு. பொண்ணுன்னா நிலான்னு வைக்கலாம்னு இருக்கேன்னு சொன்னேன். "கூட்டுனா 10 வருது, அதாவது 1. கடைசில ஒரு எச் சேர்த்துக்கோ. 15 ஆகும், கூட்டுனா 6, சுக்கிரன், அமோகம்"னாரு. 1-ம் நல்ல நம்பர்னு சொல்வாங்களே சார்னு கேட்டா, அது பிறந்த தேதியைப் பொறுத்ததாம். இன்னும் பொறக்கவே இல்லையே சார்! அவ்வ்வ்வ்...

பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? ராத்திரி உட்கார்ந்து பத்து வரில ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். இவங்ககிட்ட எழுத்துக்கு நம்பர் கொடுக்குற அட்டவணையே ரெண்டு இருக்கு. ஒண்ணு கால்டியன், இன்னொண்ணு பித்தாகரஸ். நம்ம ஆளு போட்டது கால்டியன். அதுல எச்சுக்கு 5. பித்தாகரஸ்ல எச்சுக்கு 8. அந்தக் கணக்குல நிலா 18, கூட்டுனா 9. எச் சேர்த்தா 26, கூட்டுனா 8. எட்டுன்னா சனி, ஆகவே ஆகாதுன்னு சொல்றதும் இதே கோஷ்டிதான். ஆக, ஒரே எச் ஒரு அட்டவணைல சுக்கிரன், இன்னொண்ணுல சனி. போதாக்குறைக்கு ரெண்டுமே இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் நம்பர் கொடுக்குது. தமிழ்ல கூப்பிடப்போற தமிழ்ப் பேருக்கு இந்த மரியாதை!

நட்சத்திர எழுத்து கதை தனி. என் மூத்தவ திருவாதிரை மூணாம் பாதம். பட்டியல்ல அதுக்கு எழுத்து என்ன தெரியுமா? 'ங'. ங-ல ஆரம்பிக்குற பேர் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம். அன்னைக்கு ஜோசியரே சிரிச்சிட்டு, "மொத பாதத்து கு-வையே வச்சுக்கலாம், ஒண்ணும் தப்பில்ல"ன்னாரு. வைக்க முடியாதுன்னா விதி வளையும்ங்க. வைக்க முடியும்னா மட்டும் நம்ம தலையில ஏறி உட்காரும்.

இதெல்லாம் காமெடின்னு விட்டிருப்பேன். ஆனா என் ரத்தம் ஓ நெகட்டிவ். ரங்ஸ் பாசிட்டிவ், மூத்தவளும் பாசிட்டிவ். விஷயம் தெரியாதவங்களுக்கு: பிரசவத்துல குழந்தையோட பாசிட்டிவ் ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கலாம். அம்மா உடம்பு அதை அந்நியன்னு நினைச்சு எதிர்ப்பொருள் உண்டாக்கி வச்சிரும். மொத குழந்தைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அடுத்ததும் பாசிட்டிவா இருந்தா அதோட சிவப்பணுக்களை அது உடைக்கும். ரத்தசோகை, கடுமையான மஞ்சக்காமாலை, உயிருக்கே ஆபத்து வரைக்கும் போகலாம். இதைத் தடுக்க ஆன்டி-டின்னு ஒரு ஊசி இருக்கு. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ள போடணும்.

இந்தத் தடவை மொத செக்கப்லயே டாக்டர் கேட்டாங்க, "போன தடவை போட்டாங்களா?"

எனக்குத் தெரியல. சிசேரியன் மயக்கத்துல எந்த ஊசி எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கும் தெரியல, ரங்ஸுக்கும் தெரியல. டிஸ்சார்ஜ் சம்மரில எழுதியிருக்கும், அதைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டோம். ஊர்ல பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணா, பழைய ஃபைல் எடுக்க முடியலன்னு சொல்லிட்டாங்க. ஆனா மூத்தவளோட ஜாதகம்? மஞ்சள் தடவி, பட்டுத்துணில சுத்தி, பீரோ லாக்கர்ல பத்திரமா இருக்கு. அவ பொறந்த நிமிஷம் எங்க வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். அவ பொறந்த மூணு நாள்ல அவ அம்மாவுக்கு என்ன ஊசி போட்டாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல.

எதிர்ப்பொருள் இருக்கான்னு பார்க்குற கூம்ஸ் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு ரெண்டு நாள் காத்திருந்தேன். அந்த ரெண்டு நாளும் நான் தூங்கல. வந்தது நெகட்டிவ். வீட்டுக்கு வந்து சொன்னா, "அதான் ஒண்ணும் இல்லைல்ல, பேரை முடிவு பண்ணுங்க"ங்குறாங்க!

எங்க அத்தை மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்களுக்கு ரெண்டாவது குழந்தை தங்கல, பொறந்த மூணாம் நாளே போயிடுச்சு. ஏன்னு யாரும் சொல்லல. நேரம் சரியில்லன்னு மட்டும் சொன்னாங்களாம். அவங்க பயம் எனக்குப் புரியுது. என் கோவமெல்லாம் ரங்ஸ் மேல, ரங்ஸ் மாதிரி படிச்ச அத்தனை பேர் மேலயும். "எனக்கு நம்பிக்கை இல்லப்பா, ஆனா எதுக்கு ரிஸ்க்?"னு சொல்றீங்க பாருங்க, அந்த வார்த்தை மேல.

ரிஸ்க்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? ஆபீஸ்ல எக்செல் போட்டு எது நடக்கும், நடந்தா எவ்வளவு அடி, யார் பொறுப்புன்னு எழுதுறவங்கதானே நாம? வீட்டுல ஏன் அந்த ஷீட் திறக்கவே மாட்டேங்குது? 28-வது வாரம் எனக்கு ஆன்டி-டி போடணும், அது எந்தத் தேதின்னு ரங்ஸைக் கேட்டேன். முழிச்சாரு. என் ஹீமோகுளோபின் 10.2, கர்ப்பிணிக்கு 11-க்கு மேல இருக்கணும். இந்த 10.2-ஐ யாராவது கூட்டிப் பார்த்தீங்களா? பேருல ஒரு எழுத்து குறைஞ்சா பதறுற குடும்பம், ரத்தத்துல குறைஞ்சா "பேரீச்சம்பழம் சாப்பிடு"ன்னுட்டு டிவி பார்க்குது.

இன்னொண்ணு. பேருக்கு இவ்வளவு அவசரமே கிடையாது. பிறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், அவ்வளவுதான். பேரை 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேர்த்துக்கலாம். ஆனா சேர்க்குற எழுத்து கூடவே வரும். 2023 அக்டோபர் 1-ல இருந்து பொறக்குற குழந்தைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன், ஆதார், டிரைவிங் லைசென்ஸ்னு எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அமோகமா சேர்த்த எச் ஒரு இடத்துல இருந்து, இன்னொரு இடத்துல விட்டுப்போனா அலையப்போறது ஜோசியர் இல்ல, என் புள்ள.

அதனால நேத்து ஒரு சிவப்பு ஃபைல் வாங்கினேன். ஸ்கேன், கூம்ஸ் ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட் எல்லாம் அதுல. முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல 'ஓ நெகட்டிவ், 28-வது வாரம் ஊசி, பிரசவத்துக்கு அப்புறம் குழந்தை பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு'ன்னு எழுதி, கீழ ரங்ஸ்கிட்ட கையெழுத்து வாங்கினேன். லாக்கர்ல ஜாதகம் பக்கத்துலயே வச்சாச்சு. "அங்க வச்சாத்தான் தொலையாது"ன்னு அத்தைதான் இடம் ஒதுக்கிக் கொடுத்தாங்க.

டிஸ்கி: மூத்தவ பாப்பாவுக்கு ஏற்கனவே பேர் வச்சாச்சு. இட்லி. ப்ரோக்ராம்ல போட்டுப் பார்த்தேன், கால்டியன்ல 9, பித்தாகரஸ்ல 7. நாத்தனார்கிட்ட இன்னும் சொல்லல :)