பனித்துளி பலவீனமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது, அன்பர் ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவருடைய மகள் 2003 ஆகஸ்டில் பிறந்தவள். படிப்பு முடிந்து புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. திரையில் சீன ஜோதிடப் பலன்: யின் நீர், பலவீனமானது, துணையின்றி நிற்காது. "நம் ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை சார். ஆனால் இதைப் படித்த பிறகு அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை" என்றார்.

இது என்னவென்று தேடிப் படித்தேன். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் இருப்பதுபோல் சீனர்களுக்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு. பத்து 'வானத் தண்டுகளை'யும் பன்னிரண்டு விலங்குகளையும் இணைத்துக் கணக்கிடுகிறார்கள். பத்தாவது தண்டின் பெயர் குவெய். அதுதான் யின் நீர். அதற்கு முந்தைய ரென், யாங் நீர். ரென் என்றால் கடல், பெருநதி. குவெய் என்றால் பனி, தூறல், மூடுபனி.

யின் என்ற எழுத்து முதலில் குறித்தது மலையின் நிழல் விழும் பக்கத்தை. நிழலில் பலவீனம் எங்கே வந்தது? பெருநதி கரையை உடைக்கும். தூறல்தான் விதையின் வேர்வரை இறங்கும். நீர் மரத்தை வளர்க்கும் என்பது சீனரின் ஐம்பூதக் கணக்கு. குவெய்க்கு அடுத்து மீண்டும் முதல் தண்டான ஜியா வருகிறது. அது மரம், முளைவிடுதலின் அடையாளம். கடைசித் துளியில்தான் அடுத்த தொடக்கம் இருக்கிறது.

இன்னொன்று. 3இல் முடியும் ஆண்டுகள் எல்லாம் குவெய் ஆண்டுகளே: 1993, 2003, 2013, 2023. அப்படியானால் உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் 'துணையின்றி நிற்காதவர்' ஆகிவிடுவார்! முறையாகக் கற்ற சீன ஜோதிடர் ஆண்டை மட்டும் பார்ப்பதில்லை. ஆண்டு, மாதம், நாள், நேரம் என நான்கு தூண்களையும் பார்க்கிறார். ஒருவரைக் குறிப்பது பிறந்த நாளின் தண்டுதான் என்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது பழைய செய்தி ஒன்று. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஆன்யாங் நகரப் பகுதியில் ஷாங் அரசர்கள் ஆண்டார்கள். அவர்களுக்கு வாரம் என்பது பத்து நாள். அதன் கடைசி நாள் குவெய். அன்று மாட்டெலும்பையோ ஆமை ஓட்டையோ சூடாக்கி, விழுந்த விரிசலைப் பார்த்து, வரும் பத்து நாள்களில் கேடு உண்டா என்று குறி கேட்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் கேட்டார்கள். குறி சொல்வதையே அரச காரியமாக வைத்திருந்தவர்களுக்கே அந்த விடை பத்து நாளுக்குத்தான் செல்லும்! நாமோ ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதற்கும் அதை எழுதி வைக்கப் பார்க்கிறோம்.

அன்பர்களே, பயம் அந்தத் திரையில் இல்லை. முன்பே நம் மனதில் இருந்தது. திரை அதற்கு ஒரு பெயர் கொடுத்தது, அவ்வளவுதான். செவ்வாய் தோஷத்துக்குப் பயந்து எத்தனை திருமணங்களைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்! இப்போது இரவல் பயம் வேறு வேண்டுமா?

நாமும் ஒரு நாள் டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக, மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கியவர்கள்தாமே. நம் பெற்றோருக்கும் பயம் இருந்தது. ஆனாலும் ரயிலேற்றி அனுப்பினார்கள். அந்தக் கடனை நம் பெண்களுக்குத்தான் திருப்பித் தர வேண்டும்.