பனை வெட்ட அனுமதி: கிராம சபைக்குத் தெரியாமல் கூடாது

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தில் பனை வெட்டும் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே எழும்: "என் பட்டா நிலம், என் மரம், யாரைக் கேட்கணும்?" கேட்கத்தான் வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அந்த அறிவிப்பை நாங்கள் முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் அது போதாது.

மலைப்பகுதி மரங்களுக்குத் தமிழகத்தில் 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கர்நாடகம் 1976-லும் தில்லி 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றின. காஞ்சிபுரம் போன்ற சமவெளி மாவட்டங்களின் மரங்களுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இங்கே இல்லை. அரசாணைகளும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுமே காவல்.

ஏரிக்கரைப் புறம்போக்கு மரத்தை வெட்டிக் கொண்டுபோனால் அது திருட்டு. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுப்படி, முதல்முறை குற்றம் நிரூபணமானவர் எடுத்த பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். செங்கல் சூளைக்குப் போகும் பனையை விறகு விலையில் மதிப்பிட்டால் அந்தத் தொகையைத் தொடுவதே அரிது. முதல் காய்ப்புக்கே பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும் மரம் அது. அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்றுகூடத் தெரியாது.

உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021-இல், ஒரு மரம் ஆண்டுக்கு 74,500 ரூபாய் பெறும் என்று கணக்கிட்டது. தாஜ்மகாலைச் சுற்றிய பாதுகாப்பு மண்டலத்தில் அனுமதியின்றி 454 மரங்கள் வெட்டப்பட்ட வழக்கில், மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தை 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஏற்றது. அந்தப் பசுமையை மீட்க நூறாண்டாவது ஆகும் என்றும் சொன்னது. உத்திரமேரூர்ப் பனைக்கும் இந்த அளவுகோல்தான் வேண்டும். விறகுக்கடைத் தராசு வேண்டாம்.

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-இல் வெட்டப்பட்ட உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேரையும் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரையும் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. தோப்பையும் ஏரியையும் ஊரே பொறுப்பேற்றுப் பார்த்த இடத்தில், இன்று வெட்டுக்கான மனு வந்ததே ஊராருக்குத் தெரியாமல் போகக் கூடாது.

ஆகவே, சமவெளி மரங்களுக்கும் தமிழக அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மனுவும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு, கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். மரங்களைப் பதியும் கிராமக் கணக்கான 2-சி-யிலுள்ள புறம்போக்கு மரங்களின் பட்டியலும் அங்கே படிக்கப்படட்டும். விவசாயியை அலைக்கழிப்பது எங்கள் நோக்கமல்ல: பட்டுப்போன மரத்துக்கும், வீட்டின்மேல் சாயும் மரத்துக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் கிடைக்க வேண்டும். வெட்டிய கூலியாள் மட்டும் மாட்டிக்கொள்ளும் வழக்கம் மாறி, அனுமதிச் சீட்டில்லாத பனையை வாங்கும் சூளை உரிமையாளர்மீதும் அதே அபராதம் விழ வேண்டும்.