உடற்கூறியல் பாடம்: மனப்பாடம் போதுமா, கை வைத்துப் படிக்கணுமா?

உங்கள் பிள்ளை மருத்துவம் படிக்கப் போகிறாரா? கோலா கங்சாரில் இருப்பவர்களுக்கு ஈப்போ பக்கம்தான். யுனிகேஎல் அரச மருத்துவக் கல்லூரி, குவெஸ்ட் அனைத்துலகப் பல்கலைக்கழகம் என இரண்டும் அங்கே இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் தொடக்கத்திலேயே வருவது உடற்கூறியல். 206 எலும்புகள், 600-க்கும் மேற்பட்ட தசைகள். மனப்பாடம் செய்தால் போச்சு என்று பலர் நினைக்கிறோம். ஆனால், அது போதாது.

விரிவுரை மட்டும் ஏன் போதாது?

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியானது. விரிவுரையை மட்டும் கேட்ட மாணவர்களில் சுமார் 34 விழுக்காட்டினர் தோல்வி அடைந்தார்கள். தாங்களே செய்து, பேசி, விவாதித்துப் படித்தவர்களில் அது சுமார் 22 விழுக்காடு. மருத்துவப் பாடங்களை மட்டும் பார்த்த ஆய்வு இல்லைதான். ஆனாலும் அதன் பாடம் தெளிவு.

கையால் படிப்பது எப்படி?

• களிமண்: தசையைப் பிசைந்து எலும்புக்கூட்டு மாதிரியில் ஒட்டுவது. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒட்ட முடியாது. சாயோங்கில் லாபு சாயோங் கூஜா வனைபவரைக் கேளுங்கள், வடிவம் கையில்தான் நிற்கும் என்பார்.
• உடல் ஓவியம்: சக மாணவரின் தோல் மேல் உள்ளுறுப்புகளை வரைவது. பிறகு நோயாளியைத் தொட்டுப் பார்க்கும்போது தயக்கம் குறையும்.
• அல்ட்ராசவுண்ட்: துடிக்கும் இதயத்தை நேரில் பார்ப்பது.
• முப்பரிமாண அச்சு: ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2014-இல் இப்படி அச்சிட்ட உடல் பாக மாதிரிகளை அறிவித்தது.

அப்படியென்றால் சடலம் வேண்டாமா?

சடலத்தை அறுத்துப் படித்தவர்களுக்கும் மாதிரிகளைக் கொண்டு படித்தவர்களுக்கும் குறுகிய காலத் தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை என்று 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் மதிப்பெண் மட்டும்தானா மருத்துவம்? ஒருவர் உடல் இன்னொருவர் உடல் மாதிரி இருக்காது. திசுவின் அழுத்தத்தையும், இறந்தவருக்குக் காட்ட வேண்டிய மரியாதையையும் பிளாஸ்டிக் சொல்லித் தராது.

மலாயா பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய ‘மௌன ஆசான்’ திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தைவானின் சூ சி அமைப்பு காட்டிய வழி அது. உடலைத் தானம் செய்தவர்தான் அங்கே ஆசான். மாணவர்கள் அவருடைய குடும்பத்தைச் சந்தித்து, அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் குடும்பத்தாரோடு சேர்ந்து அவரை மரியாதையோடு வழியனுப்புகிறார்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

1974-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டப்படி, மருத்துவக் கல்விக்கு உடலைத் தர விரும்புபவர் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் தெரிவிக்கலாம். கடைசி நோயின்போது, குறைந்தது 2 சாட்சிகள் முன்னிலையில் வாய்மொழியாகவும் சொல்லலாம். சொல்லாமல் போய்விட்டால், துக்க வீட்டில் அந்த முடிவு குடும்பத்தின் தலையில் விழும். அதனால் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை வகுப்பு? ஒரு மேசைக்கு எத்தனை மாணவர்கள்? பத்துப் பேர் எட்டி நின்று பார்க்கிறார்கள் என்றால், அதுவும் ஒரு விரிவுரைதான்.